ஹேக்கிங் என்ற சொல்லும் மச்சானின் 38,000 ரூபாயும்

பாம்பனிலிருந்து ஓர் அண்ணன் கேட்டது இது: “பையன் பன்னிரண்டாவது முடித்துவிட்டான். எத்திக்கல் ஹேக்கிங் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஹேக்கிங் என்றால் திருட்டுதானே? போன மீன்பிடித் தடைக்காலத்தில் என் மச்சான் போனை ஹேக் பண்ணி 38,000 ரூபாயை எடுத்துவிட்டார்கள். அந்த வேலையைக் காசு கட்டிப் படிக்க வைக்க வேண்டுமா? அவன் அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.”

அண்ணே, மச்சான் விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் அந்தப் போனை அவர் கடைசியில் கொண்டுவந்து கொடுத்தது என்னிடம்தான்.

கடலுக்குக் கொண்டுபோகிற போன் மாதிரியே பாலித்தீன் பைக்குள் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தார். பிரித்ததும் கருவாட்டு வாசம். போனைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, அன்றைக்குத்தான் கடையில் வாங்கி வந்தது போல் இருந்தது. “ஹேக் ஆயிருச்சுன்னாங்க தம்பி. அதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில குடுத்து எல்லாத்தையும் அழிச்சுட்டேன்” என்றார். சிம்மையும் உடைத்துப் போட்டிருந்தார். பணம் போனது திங்கட்கிழமை சாயங்காலம். அவர் ராமநாதபுரம் வந்து என் முன்னால் உட்கார்ந்தது வியாழக்கிழமை. அதுவரை வங்கிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டீ வாங்கிக் கொடுத்து மெதுவாகக் கேட்டேன். மூன்றாவது தடவைதான் வாயைத் திறந்தார். “தடைக்கால நிவாரணம் ஏறாம நிக்குது, சரி பண்ணித் தர்றேன்னு ஒருத்தர் பேசினார். நல்ல தமிழ். ஏடிஎம் கார்டு நம்பர் கேட்டார். அப்புறம் மெசேஜ்ல ஒரு நம்பர் வரும், படிங்கன்னார். படிச்சேன். மறுபடி ஒண்ணு வந்துச்சு, அதையும் படிச்சேன்.” யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கை அந்த மெசேஜிலேயே இருந்திருக்கும். ஆங்கிலத்தில் இருந்திருக்கும். மச்சான் தமிழ் மட்டும் வாசிப்பார்.

அவர் சொன்னது அவ்வளவும் சரி என்றால், அந்தப் போனை யாரும் ஒன்றும் செய்யவில்லை. வந்த ஓடிபியை அவரே படித்துக் காட்டியிருக்கிறார். அதாவது நடந்தது பழைய ஏமாற்று, போனில் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ‘ஹேக்’ என்று யாரோ சொன்னதும் போன்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டார். போனை அழித்ததில் பேசியவனின் நம்பரும் போயிற்று, மெசேஜும் போயிற்று. ஏமாந்துவிட்டேன் என்று அன்றைக்கே நினைத்திருந்தால் 1930-ஐக் கூப்பிட்டிருப்பார். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை உடனே முடக்கப் பார்ப்பதற்காகத்தான் அந்த உதவி எண்ணையே வைத்திருக்கிறார்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. நாங்கள் வியாழக்கிழமை கூப்பிட்டோம். புகார் எண் ஒன்று கையில் இருக்கிறது, பணம் இல்லை.

ஒரு சொல்லைத் தப்பாகப் பயன்படுத்துவதால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் இனி மச்சான் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ஹேக்’ என்பது ரொம்பப் பழைய சொல். கொத்துவது, வெட்டுவது என்று பொருள். கருவேலங்கட்டையைக் கோடாலியால் தாறுமாறாகக் கொத்துகிறோமே, அதுதான் ஹேக்கிங். கொத்துப் பரோட்டா போடுகிறவர் கல்லில் டக்டக்கென்று செய்வதும் அகராதிப்படி ஹேக்கிங்தான். வாடகைக் குதிரைக்கும் ஹேக் என்று பெயர் உண்டு. அது வேறு வழியில் வந்த சொல், நமக்கு இங்கே வேண்டாம்.

கோடாலியிலிருந்து கம்ப்யூட்டருக்கு அது வந்த இடம் அமெரிக்காவின் எம்ஐடி. குரோம்பேட்டை எம்ஐடி இல்லை, மாசசூசெட்ஸில் இருக்கிற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அங்கே மாணவர்களுக்கு ஒரு பொம்மை ரயில் சங்கம் இருந்தது. பெரிய மேஜை முழுக்கத் தண்டவாளம், அடியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கழித்துப்போட்ட ரிலே சுவிட்சுகளும் வயர்களும். 1955-ல் அந்தச் சங்கக் கூட்டக் குறிப்பில் ஒரு வரி வருகிறது: மின்சார அமைப்பில் ‘ஹேக்’ செய்கிறவர்கள் பியூஸ் போகாமல் இருக்க மெயினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள் என்று. இந்தத் தொழில்நுட்பப் பொருளில் நமக்குக் கிடைக்கும் பழைய பதிவுகளில் அது ஒன்று. பாருங்கள், அதில் திருட்டே கிடையாது. பியூஸ் போகிறதே என்ற கவலைதான் இருக்கிறது. ஒரு சாமானைப் பிரித்துப் போட்டு, உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்து, செய்தவன் நினைக்காத வேலையை அதனிடம் வாங்குவதைத்தான் அவர்கள் ஹேக் என்றார்கள். பிறகு அதே பையன்கள் கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள், சொல்லும் கூடவே போயிற்று. 1962-ல் எம்ஐடியில் பிடிபி-1 என்ற கம்ப்யூட்டரில் ஸ்டீவ் ரஸ்ஸலும் கூட்டாளிகளும் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விண்வெளிச் சண்டை விளையாட்டை எழுதி ஓடவிட்டார்கள். ஆராய்ச்சிக்கு வந்த இயந்திரத்தை விளையாட வைத்தது அந்தக் காலத்து ஹேக்.

இந்தப் பொருளில் பார்த்தால் நம் கரையில் ஹேக்கர்களுக்குப் பஞ்சமே இல்லை. லாரி இன்ஜினைக் கொண்டுவந்து, ரேடியேட்டரைக் கழற்றி எறிந்து, கடல் தண்ணீரை வைத்தே குளிர்விக்கும்படி குழாயை மாற்றி விசைப்படகில் இறக்குகிறார்களே, அந்த மெக்கானிக்கை எம்ஐடி பையன்கள் பார்த்திருந்தால் சங்கத்தில் சேர்த்திருப்பார்கள். லாரிக்கு இன்ஜின் செய்த கம்பெனிக்காரன் பாக் நீரிணையை நினைத்தா செய்தான்? சங்கு குளிக்கப் போகிறவர்கள் தகட்டை வெட்டிக் காலில் துடுப்பாக மாட்டிக்கொண்டு முங்குவதும், பாசி எடுக்கப் போகிற பெண்கள் பாறை கீறாமல் இருக்க விரலில் துணியும் ரப்பரும் சுற்றிக்கொள்வதும் அதே புத்திதான். இதற்கு நாம் தனிப் பெயர் வைக்கவில்லை. ‘அவன் கைவேலைக்காரன்டா’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம்.

அப்படியானால் கெட்ட பெயர் எப்போது வந்தது? பத்திரிகைக்காரர்கள் பிற்பாடு கெடுத்துவிட்டார்கள் என்று ஹேக்கர்கள் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன். பாதிதான் உண்மை. 1963 நவம்பரிலேயே எம்ஐடியின் மாணவர் பத்திரிகையில் ‘டெலிபோன் ஹேக்கர்கள்’ பற்றிச் செய்தி வந்திருக்கிறது. ஹார்வர்டுக்குப் போகிற லைன்களை எல்லாம் அடைத்துவைத்தது, தூரத்து ஊருக்குப் பேசிவிட்டுக் கட்டணத்தைப் பக்கத்து ரேடார் நிலையத்தின் தலையில் எழுதியது என்று பையன்கள் செய்த கூத்துகள். ஆகச் சொல் பிறந்து பத்து வருஷம் ஆவதற்குள் குறும்பும் ஒட்டிக்கொண்டது. பிறகு ஜான் டிரேப்பர் போன்றவர்கள் வந்தார்கள். உணவு டப்பாவில் இலவசமாக வந்த பொம்மை விசில் 2600 ஹெர்ட்ஸில் ஊதும். அமெரிக்காவின் தொலைதூர லைனில் ‘இந்த லைன் சும்மா இருக்கிறது’ என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும் ஒலியும் அதே 2600. விசிலை ஊதினால் எக்ஸ்சேஞ்ச் ஏமாந்துவிடும், காசில்லாமல் பேசலாம். இது திருட்டா, கெட்டிக்காரத்தனமா? இரண்டும்தான். அதனால்தான் இந்தச் சொல் இவ்வளவு வழுக்குகிறது.

1983-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரப் பையன்கள் சிலர் பிடிபட்டார்கள். ஊரின் தொலைபேசிக் குறியீடு 414, அதையே தங்கள் குழுவுக்குப் பெயராக வைத்திருந்தார்கள். அணு ஆயுத ஆராய்ச்சி நடக்கும் லாஸ் அலமோஸ் கம்ப்யூட்டர் வரைக்கும் நுழைந்திருந்தார்கள். அதன் பிறகுதான் ‘ஹேக்கர்’ என்பது உலகம் பூராவும் தலைப்புச் செய்தியில் கெட்டவனாயிற்று. மனம் நொந்த பழைய ஹேக்கர்கள், திருடுகிறவனை ‘கிராக்கர்’ என்று சொல்லுங்கள், எங்களை விடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார்கள். 1993-ல் இணையப் பொறியாளர்கள் வெளியிட்ட அருஞ்சொல் பட்டியலில்கூட ஹேக்கர் என்றால் கம்ப்யூட்டர், நெட்வொர்க் இவற்றின் உள்வேலையை ஆழமாகப் புரிந்துகொள்வதில் மகிழ்கிறவர் என்றும், அனுமதியில்லாமல் நுழைகிறவர் கிராக்கர் என்றும் பிரித்து எழுதிவைத்தார்கள். யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் கிராக் என்றால் வேறு பொருள், அது இங்கே செல்லவே செல்லாது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் எழுதிவிட்ட ஒரு நிரல், தானே பெருகிப் பெருகி அன்றைக்கு இருந்த சின்ன இணையத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை மூச்சுமுட்ட வைத்தது. அமெரிக்காவின் கணினி மோசடிச் சட்டத்தில் தண்டனை வாங்கியவர் அவர். பிற்பாடு பேராசிரியர் ஆனார். எங்கே என்று கேளுங்கள். அதே எம்ஐடியில்.

நம் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பையனின் அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். 2000-ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவுக்குத் தலைப்பே ‘ஹேக்கிங்’ என்றுதான் இருந்தது. 2008-ல் திருத்தினார்கள், 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘கணினி தொடர்பான குற்றங்கள்’ என்று போட்டார்கள். இப்போது சட்டம் இரண்டு விஷயத்தைப் பார்க்கிறது. 43-வது பிரிவுப்படி, சொந்தக்காரரின் அனுமதியில்லாமல் நுழைந்தானா, எடுத்தானா, கெடுத்தானா என்பது ஒன்று. அதை நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தானா என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் மச்சானிடம் பேசியவன் மேல் போடக்கூடியது 66-டி, அதாவது ஆள்மாறாட்ட மோசடி. சட்டம் எழுதியவர்களே ஹேக்கிங் என்ற சொல்லை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட முடியாது என்று விட்டுவிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி எத்திக்கல் ஹேக்கிங். இதைப் பாம்பன்காரருக்கு விளக்குவது ரொம்பச் சுலபம், ‘சாகர் கவாச்’ என்றால் போதும். அந்த ஒத்திகை நடக்கும் நாளில் போலீஸ்காரர்களே தீவிரவாதி மாதிரி வேஷம் போட்டு, போலி வெடிகுண்டோடு படகில் வந்து கரையேறப் பார்ப்பார்கள். மரைன் போலீஸும் கடலோரக் காவல்படையும் மடக்க வேண்டும். எவனாவது மாட்டாமல் ஏறிவிட்டால், எந்த இடத்தில் காவல் ஓட்டையாக இருக்கிறது என்று தெரிந்துபோகும். எத்திக்கல் ஹேக்கர் செய்வது இதையேதான். வங்கியோ ஆஸ்பத்திரியோ கம்பெனியோ, ‘எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடிகிறதா பார், நுழைந்தால் எந்த வழியாக என்று எழுதிக் கொடு’ என்று கையெழுத்துப் போட்டுக் கேட்கும். அவன் திருடன் கற்ற அதே வித்தையைக் கற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை கண்ணில் படாது. அந்தக் கையெழுத்துதான் எல்லாம். சாகர் கவாச் நாளில் உங்கள் தெருப் பையன் ஒருவன் தானாகவே ஒரு பொம்மைக் குண்டைத் தூக்கிக்கொண்டு குந்துகால் கரையில் இறங்கி, ‘நானும் ஒத்திகைதான் செய்கிறேன்’ என்றால் மரைன் போலீஸ் கைதட்டுமா?

வெளி ஆட்கள் தாங்களாகவே ஓட்டை தேடிச் சொல்வதற்கும் ஒரு முறையான வழி இருக்கிறது. 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனம், எங்கள் பிரவுசரில் பிழை கண்டுபிடித்தால் பரிசு என்று அறிவித்தது. இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் பல அப்படிப் பரிசு தருகின்றன. தமிழ்நாட்டைச் சேர்ந்த லக்ஷ்மன் முத்தையா 2019-ல் இன்ஸ்டாகிராமில் ஒன்றைக் கண்டுபிடித்தார். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றால் ஆறு இலக்க எண் ஒன்று போனுக்கு வரும், பத்து நிமிஷத்துக்குச் செல்லும். ஆறு இலக்கம் என்றால் மொத்தம் 10 லட்சம் எண்கள்தான் இருக்க முடியும். ஒரே இடத்திலிருந்து வரிசையாகப் போட்டுப் பார்த்தால் இன்ஸ்டாகிராம் தடுத்துவிடும். அவர் ஆயிரம் இணைய முகவரிகளிலிருந்து (ஐபி) ஒரே சமயத்தில் அனுப்பி, 2 லட்சம் எண்களைத் தடையில்லாமல் போட்டுக் காட்டினார். இன்னும் சில ஆயிரம் முகவரிகளை வாடகைக்கு எடுத்தால் யார் கணக்கையும் திறந்துவிடலாம் என்பது அதன் அர்த்தம். யாருடைய கணக்கையும் திருடாமல், இன்ஸ்டாகிராமின் சொந்தக்காரரான ஃபேஸ்புக்கிடம் எழுதிக் கொடுத்தார். ஓட்டையை அடைத்துவிட்டு 30,000 டாலர் கொடுத்தார்கள். மச்சானிடம் பேசியவனுக்கும் இவருக்கும் தேவைப்பட்டது அதே ஆறு இலக்க எண்தான். அவன் வாயால் வாங்கினான், இவர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தொழில் தெரிந்தவர்கள், ஆளை ஏமாற்றி ரகசியம் வாங்குவதையும் ‘சோஷியல் இன்ஜினியரிங்’ என்று பெயரிட்டு ஹேக்கிங் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். அவர்கள் பார்வையில் அது சரி. மனுஷனும் அமைப்பில் ஒரு பாகம், அவனும் ஓர் ஓட்டை. ஆனால் வீட்டில் பேசும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் நல்லது என்பது என் கட்சி. ஏனென்றால் வைத்தியம் வேறு வேறு.

முகநூலில் ‘என் ஐடியை ஹேக் பண்ணிட்டாங்க, யாரும் பணம் அனுப்பாதீங்க’ என்று வாரத்துக்கு ஒருவர் போடுகிறார். பெரும்பாலும் யாரும் எதற்குள்ளும் நுழைந்திருக்க மாட்டார்கள். படத்தையும் பெயரையும் எடுத்து இன்னொரு கணக்கு தொடங்கியிருப்பார்கள். இதற்கு பாஸ்வேர்டை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை, போலிக் கணக்கைப் புகார் செய்ய வேண்டும். கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), துபாயில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் அவசரமாகப் பணம் கேட்கிறான் என்று என்னிடம் ஓடிவந்தார். அது உண்மையிலேயே கணக்கு கைமாறிப்போன கேஸ். மகன் யாரிடமோ ஆறு இலக்க எண்ணைச் சொல்லியிருக்கிறான். மகன் தன் நம்பரிலேயே மறுபடி வாட்ஸ்அப்பைப் பதிந்ததும் மற்றவன் வெளியே தள்ளப்பட்டான். இன்னொரு வகை, ‘நிவாரணப் பட்டியல்’, ‘கல்யாணப் பத்திரிகை’ என்று பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிடும் கோப்பு. அதைத் தொட்டு நிறுவினால் மெசேஜ் எல்லாம் எவனுக்கோ போய்க்கொண்டிருக்கும். இது அசல் ஹேக்கிங், இங்கே போன்தான் நோயாளி. அப்போதும் முதலில் நெட்டை அணைத்துவிட்டு, வேறொரு போனில் வங்கிக்கும் 1930-க்கும் சொல்லி, கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசியில்தான் போனை அழிக்க வேண்டும். மச்சான் கடைசி வேலையை முதலில் செய்தார்.

தமிழில் என்ன சொல்லலாம் என்றும் சிலர் கேட்பதுண்டு. ‘கொந்தர்’ என்று எழுதுகிறார்கள். கொத்து என்பதோடு உறவாக ஒலிப்பதால் எனக்குப் பிடிக்கும், ஆனால் டீக்கடையில் சொன்னால் யாருக்கும் புரியாது. செய்தித்தாளில் ‘ஊடுருவல்’ என்று போடுகிறார்கள். நம் கரையில் ஊடுருவல் என்றால் மண்டபம் ஊரிலிருந்து போலீஸ் ஜீப் கிளம்பிவிடும். ‘இணையதளம் முடக்கம்’ என்பதும் பல நேரம் தப்பு, ஏனென்றால் நல்ல ஹேக்கர் எதையும் முடக்காமல்தான் உள்ளே உட்கார்ந்திருப்பான். திருட்டைத் திருட்டு, ஏமாற்றை ஏமாற்று என்று சொல்லிவிட்டு, மிச்சத்துக்கு ஹேக்கிங் என்றே வைத்துக்கொள்வது போதும் என்று தோன்றுகிறது. கல்லூரி வாசலில் தொங்கும் ‘ஹேக்கத்தான்’ பேனரைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். அது ராத்திரி பகலாக உட்கார்ந்து புதிதாக ஏதாவது செய்து காட்டும் போட்டி, மத்திய அரசே 2017 முதல் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் நடத்துகிறது.

பையன் படிப்புக்கு வருகிறேன். படிக்கட்டும். ஆனால் மூன்று மாதம், சர்டிபிகேட், வேலை நிச்சயம் என்று ஒரு லட்சம் கேட்கிற இடத்தில் காசைக் கட்டாதீர்கள். இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் லாரி இன்ஜினைப் படகில் இறக்க முடியாது. அதேபோல் நெட்வொர்க், லினக்ஸ், கொஞ்சம் நிரல் எழுதுவது எல்லாம் கைவராமல் ஹேக்கிங் என்று தனியாக ஒன்றைக் கற்றுக்கொடுக்க முடியாது. கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டப்படிப்பில் சேருங்கள், மற்றதை அவன் பக்கத்தில் பக்கத்தில் பழகிக்கொள்ளலாம். ஒரு கண்டிப்பு மட்டும் வையுங்கள். பக்கத்து வீட்டு வைஃபையில் கைவைக்கக் கூடாது, டியூஷன் சென்டர் கம்ப்யூட்டரில் சும்மா பார்த்தேன் என்பதும் கூடாது. பழகுவதெல்லாம் சொந்தச் சாமானில்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன், அவனை அனுப்புங்கள். வீட்டில் பழைய ரவுட்டர் கிடந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள், உள்ளே திறந்து பார்க்கலாம். மச்சானையும் கூடவே வரச் சொல்லுங்கள். புது சிம் வாங்கி ஒரு மாதம் ஆகிறது, வாட்ஸ்அப்புக்கு இரண்டாவது பூட்டாகப் போடுகிற பின் நம்பரை இன்னும் போடவில்லை.